கொல்லாமையும் குடல்நலமும்

புலால் நீக்கிய தாவர உணவுக்கு இரண்டு நியாயங்கள் கூறப்படுவது வழக்கம்: உயிர்க்கொலையில் பங்கு கொள்ளாதிருத்தல் ஒன்று, உடலும் உள்ளமும் நலம் பெறுதல் மற்றொன்று. இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்றே பலரும் கருதுகின்றனர். ஆயினும் புலால் உண்டறியாத ஒருவர் எரிச்சல்குடல் நோயால், அதாவது குடலில் புண்ணோ கட்டியோ இல்லாத நிலையிலும் வயிற்றுவலியும் மலப்போக்கில் மாறுபாடும் திரும்பத் திரும்ப வரும் நோயால், அல்லலுறும்போது அக்கருத்து கேள்விக்குள்ளாகிறது. தூய உணவு மனத்தைத் தெளிவிக்கும் எனில், அதை உண்பவரின் வயிறும் மனமும் ஒருசேரக் கலங்குவது ஏன்?

உணவுக்கும் மனத்துக்கும் உள்ள உறவை இந்திய மெய்யியல் பழங்காலத்திலேயே ஆராய்ந்துள்ளது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலக ஆருணி, உண்ட உணவின் பருமையான பகுதி மலமாகவும் இடைப்பட்டது தசையாகவும் நுண்ணியது மனமாகவும் ஆவதாகக் கூறுகிறார். தம் மகன் சுவேதகேதுவை 15 நாள் உண்ணாமல் நீர் மட்டும் அருந்தச் செய்து, கற்ற வேதம் அவன் நினைவுக்கு வராததையும், உண்டபின் அது மீண்டதையும் சான்றாகக் காட்டுகிறார். ஏழாம் அத்தியாயமோ ஆகாரத் தூய்மையால் உள்ளத் தூய்மை வரும் என்கிறது. இங்கு ஆகாரம் என்பது புலன்கள் வழியே உள்ளே செல்லும் அனைத்தும் எனச் சங்கரர் பொருள் கொண்டார். இராமாநுசர் அதை வாயால் உண்ணும் உணவாகவே கொண்டார்.

இன்றைய மருத்துவம் இவ்விரு உரைகளுக்கும் இடமளிக்கிறது. 2016-இல் வெளியான ரோம் 4 என்னும் மருத்துவ நோயறி வரையறைகள் எரிச்சல்குடல் நோயைக் குடலும் மூளையும் ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்பில் நேரும் கோளாறுகளுள் ஒன்றாக வகைப்படுத்தின. இவ்விரு உறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளுள் பெரும்பாலானவை குடலின் செய்தியை மூளைக்கே கொண்டு செல்கின்றன. மறுபுறம் அச்சமும் கவலையும் குடலின் அசைவையும் வலியுணர்வையும் மாற்றுகின்றன. உடலிலுள்ள செரட்டோனின் என்னும் வேதிப்பொருளில் சுமார் 90 விழுக்காடு குடலில் உருவாவது உண்மையே எனினும், அது மூளைக்குள் நேரே புகுவதில்லையாதலால், இன்ன உணவு இன்ன மனநிலையைத் தரும் என்று எளிதில் முடிவுகட்ட இயலாது.

இந்நோய்க்கு இன்று பரிந்துரைக்கப்படும் உணவுமுறைகளுள் ஒன்று, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த ஃபோட்மேப் குறைந்த உணவுமுறையாகும். சிறுகுடலில் சரிவர உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவாகும் சர்க்கரை வகைகளே ஃபோட்மேப் எனப்படுகின்றன. இவை வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு, கொண்டைக்கடலை போன்ற தாவர உணவுகளில் மிகுந்துள்ளன. இறைச்சியிலோ இயல்பாகவே இல்லை. வெங்காயத்தையும் பூண்டையும் சமணர் விலக்குவது மண்ணுக்கடியில் விளைபவற்றில் எண்ணற்ற உயிர்கள் உறைவதாகக் கருதுவதால்தானேயன்றி வயிற்றுநலம் கருதியன்று; அவர்கள் தயக்கமின்றி உண்ணும் கடலையும் பயறும் நோயுற்ற குடலை வருத்தக்கூடும். அறம் விலக்குவதும் குடல் விலக்குவதும் ஓரிடத்தில் ஒத்துப்போவது தற்செயலே என்பது இதனால் விளங்கும்.

இவ்வேறுபாட்டைத் திருக்குறளின் அமைப்பே தெளிவாக உணர்த்துகிறது. புலால் மறுத்தல் அறத்துப்பாலில் 26-ஆம் அதிகாரமாக, அருளுடைமையை அடுத்து நிற்கிறது. மருந்து பொருட்பாலில் 95-ஆம் அதிகாரமாக நிற்கிறது. முன்னது கொல்லப்படும் உயிரின் துன்பத்தைப் பேசுகிறது. பின்னது செரித்த அளவறிந்து உண்பதையும், உடலுக்கு மாறுபடாத உணவையும், நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் கருதிச் செய்யும் மருத்துவத்தையும் பேசுகிறது. கொல்லாமைக்குக் குடல்நலத்தைச் சான்றாக வள்ளுவர் அழைக்கவில்லை. அவ்வாறு அழைத்திருந்தால், வயிறு வலித்த நாளிலேயே அந்த அறம் வலுவிழந்திருக்கும்.

ஆகவே தாவர உணவை அறமாக ஏற்றவர், நோயுற்றதனால் தம் நெறியை ஐயுறவோ, தம்மிடம் ஏதோ தூய்மைக் குறை உள்ளதென நாணவோ வேண்டியதில்லை. அரிசிச்சோறு, உருளைக்கிழங்கு, கேரட், கெட்டியான டோஃபு போன்றவை பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்பவை; பயறுகளை ஊறவைத்து வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் வாயு உண்டாக்கும் சர்க்கரையின் ஒரு பகுதி நீங்கும்; நீரில் கரையும் நார்ச்சத்தான இசப்கோல் பலருக்கு உதவுகிறது. கடுமையான விலக்கு சில வாரங்களுக்கே உரியது என்பதும், பின்னர் ஒவ்வோர் உணவாகத் திரும்பச் சேர்த்துத் தமக்கு ஒவ்வாததை மட்டும் அறிய வேண்டும் என்பதும், இவையனைத்தும் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் அறிய நடைபெற வேண்டும் என்பதும் மறக்கலாகாதவை. பிற உயிரின் வலியைக் கண்டு புலாலை விலக்கச் சொல்லும் அருள், உண்பவரின் உடல் படும் வலியையும் பொருட்படுத்தும்போதே முழுமை பெறுகிறது.