கடன் வசூலிப்போரும் நல்வாழ்வும்

உபாசகன் விலக்கவேண்டிய வாணிபம் ஐந்து எனப் பகவன் புத்தர் கூறினார்: படைக்கலம், உயிர்கள், ஊன், கள், நஞ்சு. கடன் வசூலித்தல் அவற்றுள் இல்லை. எனினும் வங்கிகளுக்காகத் தவணை தண்டும் நிறுவனங்களில் ஊழியம் புரியும் இளைஞர், தம் தொழில் சம்மா ஆஜீவம் என்னும் நல்வாழ்வுக்கு ஒத்ததோ என வினவுங்கால், இப்பட்டியலைக் காட்டி விடையிறுத்தல் போதாது.

கொடுத்ததைக் கேட்டல் குற்றமன்று. கடன்பட்டவனைச் சங்கத்திற் சேர்த்தல் ஆகாதென விநயம் விதிக்கின்றது. கடனின்மை இல்லறத்தானுக்குரிய இன்பங்களுள் ஒன்றென அங்குத்தர நிகாயம் உரைக்கின்றது. ஆயினும் அதே நிகாயம், வறியவன் கடன்பட்டு, வட்டி ஏற்று, நெருக்குண்டு, பின்தொடரப்பட்டு, இறுதியில் கட்டுண்ணும் துன்பத்தைப் படிப்படியாக எடுத்துக்காட்டுகின்றது. நெருக்குதல் அப்படிகளுள் ஒன்று. வசூலிப்போன் நிற்கும் இடமும் அதுவே.

அவன் ஏன் கடிந்து பேசுகின்றான்? இயல்பிலே கொடியவன் என்போர் அவன் கூலியை அறியார். இந்நிறுவனங்கள் பலவற்றில் நிலையான சம்பளம் சிறிது. எஞ்சியது வசூலான தொகைக்கேற்ற கமிஷன். தவணை 90 நாள் தவறிய கடன் வங்கிக் கணக்கில் வாராக்கடனாகிவிடும். அந்நாள் நெருங்க நெருங்க வங்கி நிறுவனத்தை நெருக்கும், நிறுவனம் மேலாளரை, மேலாளர் இளைஞனை. தொலைபேசியிலோ ஓர் அழைப்பு முடிந்தவுடன் இயந்திரம் அடுத்ததை இணைத்துவிடுகின்றது. அவன் கேட்கும் வசைமொழிகளுக்கும் குறைவில்லை. இதனைச் சொல்லாது விடுவது நீதியன்று.

அடியாட்களைக் கொண்டு வங்கிகள் கடனை மீட்கலாகாதென 2007இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2008இல் ரிசர்வ் வங்கி, வசூல் முகவர்க்குக் குறைந்தது 100 மணி நேரப் பயிற்சி வேண்டுமென்றது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைத்தலாகாதென 2022இல் அறிவுறுத்தியது. இவை யாவும் நன்றே. எனினும் 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு: கடுமையான இலக்கும் மிகுந்த ஊக்கத்தொகையுமே முகவரை மிரட்டலுக்குத் தூண்டுகின்றன என்றும், ஒப்பந்தங்கள் அத்தகைய நடத்தைக்கு இடந்தரலாகாது என்றும் அது கூறிற்று. நோயின் வேரை அங்கேதான் தொட்டார்கள்.

பிறனை ஏவிக் களவாடச் செய்த பிக்குவும் பாராஜிகக் குற்றத்திற்கு உள்ளாவான் என்பது விநயம். ஏவியவன் நா இனிமையாகவே பேசியிருக்கலாம். அதனால் அவன் தப்புவதில்லை. "மிரட்டாதீர்" என்று சுவரில் எழுதிவைத்து, மிரட்டினாலன்றி எட்டவொண்ணாத இலக்கை விதிக்கும் மேலாளரையும் நாம் இவ்வாறே எண்ணுகின்றோம். பணியாளரின் ஆற்றலுக்கேற்ப வேலை பகிர்தலைச் சிகாலோவாத சூத்திரம் தலைவன் கடமைகளுள் முதலில் வைத்திருக்கின்றது.

வேலையை விட்டுவிடு என இளைஞனுக்குக் கூற நமக்கு மனமில்லை. வீட்டு வாடகையை நாமா தருவோம்? வன்சொல்லையும் பொய்யச்சுறுத்தலையும் அவன் இன்றே விடலாம். அதனால் கமிஷன் குறையும். அக்குறைவை அவன் ஒருவனே சுமத்தல் தகுமோ? உண்டு உடுக்கப் போதிய நிலைச் சம்பளமும், நோயுற்ற கடனாளிக்குத் தவணை நீட்டிக்கும் அதிகாரமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும். அவ்வொப்பந்தங்களை எழுதும் மேசையில் நம் வாசகர் எவரேனும் இருப்பின், இதனை அவர்முன் வைக்கின்றோம்.