எடைக்கல்லைக் குறைக்கலாமா?

கேமரன் மலையில் மழைக்காலத்து மாலை வேளைகளில் கடைத்தெரு சீக்கிரமே வெறிச்சோடிவிடும். அப்படிப்பட்ட ஒரு மாலையில், தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலமாகக் கொழுந்து பறித்து வரும் அம்மாள் ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அரிசியும் பருப்பும் வாங்கிய பிறகு, நனையாமல் பையில் வைத்திருந்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பாய், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. வாத்தியார் படிப்புக்கு அஞ்சு ஏ வேணுமாம். பிள்ளைக்கு நாலுதான் வந்திருக்கு. ஒண்ணு குறைஞ்சா சேர்த்துக்க மாட்டாங்களா?"

பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் விவரம் விசாரித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினேன். அவர்கள் போனதும் கடையில் இருந்த இருவருக்குள் வாக்குவாதம் மூண்டது. "ஏழைப் பிள்ளைக்கு ஒரு பாடம் குறைந்தால் என்ன? இதெல்லாம் அநியாயம்" என்றார் ஒருவர். "சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம்தான். இரக்கம் பார்த்தால் பள்ளிக்கூடம் உருப்படாது" என்றார் மற்றவர். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் இருவரும் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றிற்று. அன்று இரவு நெடுநேரம் இதையே சிந்தித்தேன். அந்தச் சிந்தனையை நம் அன்பர்கள்முன் வைக்கிறேன்.

முதலில் விதி யாது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டின் ஆசிரியர் கல்விக் கழகங்களில் எஸ்.பி.எம். முடித்தவர்கள் பட்டப் படிப்பில் சேர விரும்பினால், குறைந்தது 5 பாடங்களில் ஏ நிலை வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்புவோர் தமிழ்மொழித் தேர்விலும் நல்ல தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அதன் பிறகு நேர்முகத் தேர்வு. அதிலும் தேறினால் முன்னேற்பாட்டுப் படிப்பு, பின்னர் 4 ஆண்டுப் பட்டப் படிப்பு, இடையிடையே பள்ளிகளில் கற்பிக்கும் பயிற்சி. 2013 முதல் 2025 வரைக்கென வகுக்கப்பட்ட கல்விப் பெருந்திட்டம், தேர்ச்சியில் முதல் நூற்றுக்கு 30 இடத்துக்குள் வருவோரிடமிருந்தே ஆசிரியர்களைத் தெரிந்தெடுக்க வேண்டுமென்று வெளிப்படையாகவே கூறிற்று.

இவ்வளவு கடுமை எதற்கு? இதற்கு விடை நம் தோட்டங்களின் பழைய கதையிலேயே இருக்கிறது.

தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை அமைந்துகொண்டிருந்த காலத்தில், 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் மக்கள் காடு திருத்திக் கொழுந்து பறித்தார்கள். அதற்கு முன்பே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டுமென்று விதித்திருந்தது. பள்ளிக்கூடம் வேண்டுமென்றார்களே தவிர, கற்பிப்பவர் யாராக இருக்க வேண்டுமென்பதில் அத்தனை அக்கறை இல்லை. ஆகவே மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் எழுத்தறிந்த கங்காணியோ, கிராணியோ, தொழிலாளி ஒருவரோ வாத்தியாரானார். ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஒரே ஆள் எல்லா வகுப்புக்கும் பாடம் சொல்வார். அவர்களிலும் உத்தமர்கள் இருந்தார்கள். தம் சொந்த முயற்சியால் பல பிள்ளைகளைக் கரையேற்றினார்கள். அவர்களை நாம் குறை கூறலாகாது. ஆயினும் மொத்தத்தில் நடந்தது என்ன? தோட்டத்துப் பிள்ளை நாலைந்து ஆண்டுகள் படித்துவிட்டு, மீண்டும் தாய் தந்தையின் கூடையையே தூக்கிற்று. "கூலிக்காரன் பிள்ளைக்கு இந்த வாத்தியார் போதும்" என்று யாரோ முடிவு செய்தார்கள். தகுதி கேட்காமல் விட்டதன் நட்டத்தை அந்தப் பிள்ளைகளே சுமந்தார்கள்.

நாம் வியாபாரிகள். இந்த விஷயம் நமக்குப் பிறரைவிட எளிதில் விளங்க வேண்டும். ஓர் ஏழை அரிசி வாங்க வருகிறார், கையில் பணம் குறைவு. நாம் என்ன செய்கிறோம்? விலையைக் குறைக்கிறோம், கடன் எழுதிக்கொள்கிறோம், மனமிருந்தால் ஒரு பிடி அதிகமாகவே போடுகிறோம். ஆனால் எடைக்கல்லை மாற்றுவதில்லை. அளவையில் குறைப்பது ஹராம் என்று சிறு வயதிலேயே கற்றவர்கள் நாம். இரக்கத்தினால் கல்லைக் குறைத்தாலும் அது குறைத்த கல்தான். வீட்டுக்குப் போய் அரிசியை அளந்து பார்க்கும்போது பசியோடு நிற்பது அந்த ஏழையின் பிள்ளைகளே.

ஆசிரியத் தகுதியும் அத்தகைய எடைக்கல்தான். இதைக் குறைத்தால் நட்டம் மந்திரிக்கும் இல்லை, பட்டணத்துப் பணக்காரருக்கும் இல்லை. அவர்கள் வேறு பள்ளி தேடிக்கொள்வார்கள். குறைந்த எடையைப் பெறுவது, வேறு வழியில்லாத தோட்டத்துப் பிள்ளை. ஆகவே "ஏழைப் பெண்தானே, சேர்த்துக்கொண்டால் என்ன" என்று கேட்கும் அன்பர், ஓர் ஏழைக்கு இரங்கி, அவளிடம் படிக்கப்போகும் முப்பது ஏழைகளை மறந்துவிடுகிறார்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். படிப்புக்கு உதவித் தொகை என்பது படிக்கும் பிள்ளைக்காக ஏற்பட்டது. அவள் பட்ட கஷ்டத்தைப் பார்த்துத் தரலாம், தரவும் வேண்டும். ஆசிரியப் பதவியோ அவளுக்காக ஏற்பட்டதன்று. அது பிறர் பிள்ளைகளின் அமானிதம். அமானிதத்தை ஒப்படைக்கும்போது "இவர் எவ்வளவு பாடுபட்டார்" என்பது கேள்வியன்று, "இவர் அதைக் காப்பாற்றுவாரா" என்பதே கேள்வி.

அப்படியானால் சட்டத்தின் பக்கம் பேசியவரே முழுதும் சரியா? அதுவும் இல்லை. அவரிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்க விரும்புகிறேன்.

முதற் கேள்வி: தராசு சரி, அதில் நிறுப்பது எதை? தங்கம் நிறுக்கும் தராசில் விறகு நிறுக்க முடியாது. 5 ஏ என்பது ஒரு பிள்ளை பாடத்தை அறிந்திருக்கிறாள் என்பதைக் காட்டும். பாடம் அறியாதவர் பாடம் சொல்ல இயலாது, அதில் ஐயமில்லை. ஆனால் மந்த புத்தியுள்ள பிள்ளையிடம் பொறுமை காட்டுவாளா, மலைக் குளிரையும் தனிமையையும் கண்டு வந்த மறு ஆண்டே மாற்றல் கேட்பாளா, வேலைக்குப் போய்விட்ட தாய் வரும்வரை பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பாளா? இவற்றை அந்தத் தாள் சொல்லாது. நம் அரபு மதரஸாக்களில் ஸனது வழங்கும் முறையை எண்ணிப் பாருங்கள். வேலூர் பாக்கியாத்தில் ஓதியவர் பாகவி என்று பட்டம் பெறுகிறார் என்றால், பரீட்சை எழுதியதோடு, பல ஆண்டு உஸ்தாதுகளின் கண்முன் ஓதி, நடந்து, பழகியபின் பெறுகிறார். பின்லாந்து நாட்டிலும் 1970களின் இறுதி முதல் பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம். ஆயினும் அங்கே ஆசிரியக் கல்விக்கு ஆளெடுக்கும்போது மதிப்பெண்ணோடு மனப்பாங்கையும் சோதித்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டிலும் நேர்முகத் தேர்வு இருக்கிறது. ஆனால் 5 ஏ இல்லாதவர் அந்த வாசலுக்கே வர முடியாது என்பதை மறக்கலாகாது.

இரண்டாம் கேள்வி: எல்லாருக்கும் ஒரே கல் என்கிறீர்களே, எல்லாரும் தராசுக்கு வந்து சேர ஒரே சாலைதானா? தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழி வழியே எல்லாம் படிக்க வேண்டும். தடுமாறினால் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதல். இடைநிலைப் பள்ளியில் தமிழ் படிக்கவோ, குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. பட்டணத்தில் 15 பேர் எளிது. தோட்டத்துக் குடும்பங்கள் பல மலையிறங்கிவிட்ட இந்நாளில், இங்கே 15 பேரைச் சேர்ப்பதே பெரும் பாடு. தமிழாசிரியராகத் தமிழில் நல்ல தேர்ச்சி வேண்டும் என்பது நியாயம். ஆனால் அந்தத் தமிழைக் கற்பிக்க ஆளில்லாத இடத்தில் பிள்ளை என்ன செய்வாள்? கல் நேர்மையானதுதான். நெல்லுக்குத் தண்ணீர் விடாமல் அறுவடை நாளன்று மட்டும் நேர்மையாக நிறுப்பதை நியாயம் என்று சொல்ல என் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை.

ஆகவே நான் வந்தடைந்த முடிவு இதுதான். கல்லைக் குறைக்கலாகாது. ஆனால் கல்லை நேராக வைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் நமக்கு உரிமையில்லை. தகுதியைக் கேட்கிற சமுதாயம், தகுதி பெறும் வழியையும் திறந்துவைக்கக் கடமைப்பட்டது. வழியைத் திறக்காமல் தகுதி மட்டும் கேட்பது, வாசலைப் பூட்டிவிட்டு விருந்துக்கு வரவில்லையே என்று குறைப்படுவதை ஒக்கும்.

இதில் சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்காரிடம் கேட்போம். நம்மால் ஆவதை நாம் செய்வோம். தேர்வு முடிவு வந்தபின் "ஐயோ பாவம்" என்பதைவிட, நான்காம் படிவத்திலேயே மாலை நேரத் தமிழ் வகுப்புக்கு ஓர் அறையும் விளக்கும் கொடுப்பது மேல். கற்பிப்பவருக்கு வண்டிச் செலவு கொடுப்பது மேல். 15 பெற்றோரைத் தேடிப்பிடித்துக் கையொப்பம் வாங்குவதற்கு நம்மைவிடத் தகுந்தவர் யார்? எந்தத் தோட்டத்தில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்று நம் கடன் புத்தகமே சொல்லுமே! இந்தப் பிள்ளைகள் நம் மார்க்கத்தவர் அல்லரே என்று சிலர் எண்ணக்கூடும். மூன்று தலைமுறையாக அவர்கள் கூலியில் நம் கடை நடந்தது. நம் பிள்ளைகள் படித்ததும் அந்த வருவாயில்தான். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள் மீண்டும் வந்தார். "விதியை மாற்ற முடியாதும்மா. மாற்றவும் கூடாது. உங்க பேரப்பிள்ளைக்கு வரப்போற வாத்தியாரும் அதே விதியிலேதான் வரணும்" என்றேன். அவர் முகம் வாடிற்று. பிறகு மற்ற வழிகளையும் சொன்னேன்: குறைந்த பாடங்களை மறுமுறை எழுதலாம், ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். தேறினால் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பஸ் செலவும் புத்தகச் செலவும் எங்கள் பொறுப்பு என்றும் சொன்னேன்.

பிள்ளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "இன்னொரு தடவை எழுதுறேன், பாய்" என்றாள். ஒன்று குறைந்ததற்கு அவள் மட்டும் பொறுப்பல்லள் என்பது அந்த நிமிடத்தில் எனக்கு நன்றாக உறைத்தது. அந்தக் குறையில் இந்த ஊராரின் பங்கும் உண்டு, என் பங்கும் உண்டு. மறுநாள் கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை ஒழித்து, இரண்டு மேசை போடச் சொன்னேன்.