மூதாட்டியரைப் போற்றும் முறை

நாட்றம்பள்ளியைச் சூழ்ந்த சிற்றூர்களில், மகளும் மருமகளும் விடியற்காலையில் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் பஸ் ஏறிச் சென்றபின், குழந்தைக்குச் சோறூட்டி, நெற்றியில் திருமண் இட்டு, கோவிந்த நாமம் சொல்லக் கற்பிப்பவர் பல வீடுகளில் பாட்டியே ஆவார். இத்தகையவரை எவ்வாறு போற்றுவது? ஆயிரம் பிறை கண்டால் சதாபிஷேகம், பொன்னாடை, மாலை. மறைந்தபின் அவர் பெயரால் அன்னதானம். இவை யாவும் தக்கனவே. ஆயினும் கொடுப்பது ஒன்றே போற்றுதல் ஆகுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

நவதிருப்பதிகளுள் ஒன்றாகிய திருக்கோளூர், மதுரகவியாழ்வார் அவதரித்த தலம். அவ்வூருக்கு எழுந்தருளிய எம்பெருமானார், ஊரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையைக் கண்டு, யாவரும் புக விரும்பும் ஊரினின்று புறப்படுவானேன் என்று வினவியருளினார் என்பர் பெரியோர். அவ்வம்மையார் அக்ரூரர், விதுரர், திரிசடை என எண்பத்தொரு செயல்களை எடுத்துரைத்து, அவற்றுள் ஒன்றேனும் தாம் செய்ததில்லையே என்று விண்ணப்பம் செய்தார். உடையவர் அவருக்குப் பொன் அளிக்கவில்லை; பட்டமும் சூட்டவில்லை. அவரோடு அவர் இல்லம் சென்று, அவர் கையால் சமைத்ததை அமுது செய்தருளினார். தம்மிடம் ஒன்றுமில்லை என்று எண்ணியவரிடம் சென்று ஒன்றைப் பெற்றுக்கொண்டதே அவர் செய்த மரியாதை. (அவ்வம்மையாரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை, அவர் சொன்ன எண்பத்தொன்றும் வந்து சேர்ந்தன.)

கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் 2024 செப்டம்பர் 27 அன்று மறைந்த பாப்பம்மாள் பாட்டியை நாடறியும். நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கி இயற்கை வேளாண்மை செய்த அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. விருது பெருமைக்குரியதே. ஆயினும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விவாத அரங்குகளில் அவர் சொல்லுக்கு இடம் இருந்ததே அதனினும் பெரிதெனத் தோன்றுகிறது. அங்கே கற்றவர்கள் அவரிடம் பெற்றுக்கொண்டார்கள். இளமையில் பெற்றோரை இழந்த அவரையும் உடன்பிறந்தாரையும் வளர்த்தவரும் ஒரு பாட்டிதான். குடும்பத்தின் மளிகைக் கடையை ஏற்று நடத்தி, அதன் வருவாயில் நிலம் வாங்கினார் பாப்பம்மாள். அவரை வளர்த்த பாட்டிக்கு எந்த மேடையிலும் மாலை விழவில்லை.

நம் இல்லங்களிலோ, "உங்களுக்கு எதற்குப் பாட்டி இந்தச் சிரமம்?" என்று அடுப்படியிலிருந்து அவரை விலக்குகிறோம். அன்பினால் செய்வதுதான், ஆனால் கைவேலை ஒவ்வொன்றாகப் பறிபோன மூதாட்டியின் முகத்தைச் சற்று நின்று பார்ப்பவர் எத்தனை பேர்? முதுமையில் ஓய்வு வேண்டாவோ எனின், வேண்டும். கை தளர்ந்தாலும் வாய் தளர்வதில்லை. எந்த ஆண்டு ஏரி நிரம்பி வழிந்தது, எந்தத் திருநாளில் தேர் எங்கே நிலைகொண்டது, எந்தக் கஷாயத்தில் எவ்வளவு சுக்கு என்பதெல்லாம் கேட்பாரின்றி அவரிடமே கிடக்கின்றன.

உற்சவம் ஸேவித்து வீடு திரும்பும் அடியார்கள் பிரசாதத்தை முதலில் பாட்டியின் கையில் கொடுப்பார்கள். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு விள்ளல் கிள்ளி, கொண்டு வந்தவருக்கே நீட்டுவார். நீங்களே சாப்பிடுங்கள் என்று சொல்ல வாயெடுக்கும் பேரன், ஒரு கணம் நின்று, கையை நீட்டட்டும்.