பீடத்தில் ஒரு பெயர்

நகரத்துச் சந்தியிலே நிற்கும் சிற்பம் யாருடையது? நகரத்தாருடையது என்போம். அதனைச் செய்தவர் யார் என்று எவரேனும் கேட்டால் குனிந்து பீடத்தைப் பார்ப்போம். அங்கே திரைநீக்கம் செய்துவைத்தவரின் பெயர் பட்டம் பதவிகளோடு பொறிக்கப்பட்டிருக்கும்; செய்தவர் பெயரைத் தேடித்தான் காணவேண்டும். செய்தவர் ஒருவராக இல்லாது இருவராகவும், அவ்விருவரும் கணவன் மனைவியராகவும் இருந்துவிட்டாலோ, வினா இன்னும் கடுமையாகிறது. ஓரில்லத்தில் வாழ்வோரின் உழைப்பிலே ‘இது என்னுடையது, அது உன்னுடையது’ என்று வகுத்துப் பார்ப்பது முறையா? அவர்களே வகுத்துக்கொள்ளாதபோது பார்க்க வந்த நமக்கு அதில் என்ன வேலை?

இவ்வினாவுக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு மன்னாருக்கு எதிர்க்கரையிலே இருக்கிறது. தலைமன்னாரிலிருந்து கடலைக் கடந்தால் இராமநாதபுரம். அதற்கப்பால் சிவகங்கை, புதுக்கோட்டை. 19ஆம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குக் காடு வழியே நடந்துசென்ற தொழிலாளரிற் பலர் அச்சீமைகளின் மக்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களின் எல்லைகளிலே, ஐயனார் கோயில்களின் முன்னே, சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. ஆளுயரத்தை விஞ்சியனவும் அவற்றிலே உள. அவற்றைச் செய்வோர் வேளார் எனப்படும் குயவர்கள். புரவியெடுப்புக்கு ஊர் தீர்மானித்ததும் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பர். பிடிமண் என்பது அதன் பெயர். ஒப்பந்தப் பத்திரம் என்று நாம் சொல்வது அதனைத்தான்.

பின்னர் வேலை தொடங்கும். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பிசைய வேண்டும். இந்தப் பதம் தவறினால் சூளையிலே குதிரை வெடித்துப்போகும். அப்புறம் எந்தக் கைத்திறனும் அதனைக் காப்பாற்றாது. கால்களின் மீது வயிறும் மார்பும் கழுத்தும், கீழே உள்ள மண் உலர உலர, நாளுக்குச் சிறிதாக எழும்பும். மண்ணைப் பதப்படுத்துவதிலே மனைவியின் உழைப்புக் கணவனுடையதற்குக் குறைந்ததன்று. ஆயினும் சக்கரத்தைப் பெண் தொடலாகாது என்பது குயவரிடையே பல இடங்களிலும் நெடுங்காலம் நிலவிய விதி. பிடிமண்ணை வாங்கும் கை ஆணின் கை. திருவிழாவன்று குதிரைக்குக் கண் திறக்கும் கையும் அதுவே. ஊர் மரியாதை வந்து சேர்வதும் அந்தக் கைக்கே. ஊரார் குதிரைகளைத் தூக்கிச் சென்று கோயில் முன் நிறுத்துவர். மழையும் வெயிலும் அவற்றைக் கரைத்துச் சிதைக்கும், எவரும் செப்பனிடுவதில்லை, அடுத்த எடுப்புக்குப் புதியவை வரும்.

கீழைத்தேயக் கலைஞன் பெயரை விரும்பாதவன், தன்னை ஊரிலே கரைத்துக்கொண்டவன் என்று இதனை வியந்தெழுதுவோர் உண்டு. அவ்வியப்பிலே என்னாற் கலந்துகொள்ள முடியவில்லை. குதிரையிலே எவர் பெயரும் இல்லை என்பது மெய். பெயர் இல்லாத இடத்திலே படிநிலையும் இல்லை என்று கொள்வதுதான் பிழை. கணவன் பெயர் மண்ணில் எழுதப்படவில்லையாயினும் ஊர் அதனை அறியும். மனைவியின் பெயரை அறிய வேண்டிய தேவை ஊருக்கு ஏற்படுவதே இல்லை.

பெயர் எழுதும் வழக்கமுள்ள மேலைநாட்டிலே இந்நிலை மாறியதா? அங்கே சிலருக்கு மாறியது. நீக்கி த சான் ஃபால், ழான் தாங்லி என்னும் சிற்பிகள் 1971இல் மணம் புரிந்தவர்கள். 1983இல் பாரிஸ் நகரிலே ஸ்திராவின்ஸ்கி நீரூற்றையும், 1988இல் ஷாத்தோ ஷினோன் என்னும் சிற்றூரிலே நகரமன்றத்தின் முன் மற்றொரு நீரூற்றையும் இருவரும் சேர்ந்து அமைத்தனர். இரும்புச் சக்கரங்களும் இயந்திரங்களும் கணவனுடையவை. பருத்த வண்ண உருவங்கள் மனைவியுடையவை. தெருவிலே போகும் சிறுவனும் இரண்டு கைகளைப் பிரித்தறிவான். அங்கே ஒருவரை மறைப்பது எளிதன்று.

மறைப்பது எளிதாயிருந்த இடத்திலே என்ன நடந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பல்கேரியாவிற் பிறந்த கிறிஸ்தோவும் மொரோக்கோவிற் பிறந்த ஜான் குளோட்டும் 1935 ஜூன் 13 என்ற ஒரே நாளிற் பிறந்தவர்கள், வாழ்விலும் இணைந்தார்கள். கட்டிடங்களையும் கரைகளையும் துணியாற் போர்த்துச் சில நாட்களுக்கு மட்டும் காட்சியாக்குவது இவர்கள் கலை. 1969இல் சிட்னிக்கு அருகே இரண்டரைக் கிலோமீற்றர் அளவு பாறைக் கடற்கரையைத் துணியாலும் கயிற்றாலும் மூடினர். வரைபடங்களைக் கிறிஸ்தோ தனியே வரைந்தார். அவற்றை விற்றுப் பணம் திரட்டுவதும், அதிகாரிகளோடு ஆண்டுக்கணக்காக வாதாடுவதும், ஆட்களை ஒழுங்குசெய்வதும் பெரும்பாலும் மனைவியின் பொறுப்பாக இருந்தன. பல ஆண்டுகள் எல்லாப் பணிகளும் கிறிஸ்தோ என்ற ஒரு பெயரிலேயே வழங்கின. 1994இல்தான், வெளியிடங்களில் அமைந்த பணிகள் யாவும், முன்னர் செய்தவையும் உட்பட, இருவர் பெயராலும் வழங்கும் என அறிவித்தனர். அடுத்த ஆண்டு பெர்லினிலே ஜெர்மன் பாராளுமன்றக் கட்டிடம் போர்த்தப்பட்டபோது இரு பெயர்களும் நின்றன. ஐம்பது இலட்சம் பேர் அதனைப் பார்த்தனர்.

ஒரு பெயரே போதும் என்று தொடக்கத்தில் இசைந்தவர்களுள் மனைவியும் ஒருவர். இளங்கலைஞன் ஒருவனை உலகம் ஏற்பதே அரிது. இருவரை எங்ஙனம் ஏற்கும் என்பது அன்றைய கணக்கு. சம்மதம் இருந்ததால் அநீதி இல்லை என்று சிலர் வாதிடுவர். அவர்கள் இருவருக்கிடையே அநீதி இல்லாதிருக்கலாம். ஆனால் பொதுவிடத்துக் கலை இருவருக்கிடையே முடிந்துவிடும் கொடுக்கல் வாங்கல் அன்று. அதைப் பார்த்துச் செல்லும் ஆயிரம் பேருக்கு, இத்தகைய பெரும்பணியை ஓர் ஆண் தனித்துச் செய்தான் என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. அச்செய்தியைத் தள்ளுபடி செய்யும் உரிமை ஜான் குளோட்டின் பெருந்தன்மைக்கு இல்லை.

பெயர் கேட்பதே முதலாளித்துவத் தனிமனிதவாதம் என்று தோழர் ஒருவர் மறுக்கலாம். எவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படாத சமுதாயத்திலே அம்மறுப்பை நானும் ஏற்பேன். கல் வைத்த அமைச்சரின் பெயர் நிற்கும்போது கல் செதுக்கியவரிடம் மட்டும் துறவு கேட்பது எந்த நியாயம்? அன்றியும், பெயர் வெறும் புகழன்று, அது கூலி. அடுத்த வேலைக்கு ஊர் யாரைத் தேடிவரும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. கணவனை இழந்த குயவர் குலப் பெண்ணிடம் எந்த ஊர் பிடிமண் கொண்டுசெல்லும்? அப்பெண்ணின் கைக்கு மண்ணின் பதம் தெரியும் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லையே!

மன்னார்க் கடலுக்கும் இவ்விணை உழைப்புப் புதிதன்று. அரிப்பு, சிலாவத்துறைப் பக்கங்களிலே முத்துக்குளிப்பு நடந்த காலத்திலே, காலிற் கல்லைக் கட்டி இறங்கியவனுக்கு மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருந்து வரும் ஓர் அசைவைக் கையால் உணர்ந்து இழுப்பான். அவன் கவனம் பிசகினால் முத்தும் இல்லை, மூச்சும் இல்லை. இன்று அக்காட்சியை நம் பிள்ளைகள் சித்திரமாக வரையும்போது நீருக்குள் இருப்பவனையே வரைகின்றனர். கயிறு தாளின் மேல்விளிம்போடு நின்றுவிடுகிறது.