மிகைச்சுமை ஏற்றுதல்

கொல்லாமை என்னும் அணுவிரதத்தை மேற்கொண்ட இல்லறத்தானுக்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டிருத்தலை நம் வாசகர்கள் அறிவர். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரமும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் இவற்றைக் கூறுகின்றன. நான்காவதாகிய அதிபாராரோபணத்தை விளக்குவோர் பெரும்பாலும் மாட்டையும் வண்டியையும் சுட்டிவிட்டு அப்பால் செல்வர். இன்றோ வண்டிமாடுகள் அருகிவிட்டன. எனவே இந்த அதிசாரம் நம் வாழ்வினின்றும் தானே நீங்கிவிட்டது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே நம் கருத்து. அதற்கு ஒரு மலைநாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று குண்டூர் நாடு. நாடு என்றவுடன் பெரிதாக எண்ணவேண்டா. ஓர் ஊராட்சிக்கு உட்பட்ட சிற்றூர்களின் தொகுதியே அங்கு நாடு எனப்படும். கொல்லிமலையில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு கேரளத்தவர் என மயங்கற்க; அவர்கள் பேசுவது தமிழே. மிளகு, காப்பி, பலா, வாழை, மரவள்ளி, சாமை முதலியன அவர்தம் விளைபொருள்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே மலைமேல் ஏறவேண்டும்.

இந்நாட்டில் எழுபது வயதைக் கடந்த உழவர் ஒருவர், பழுதுற்ற வீட்டைச் செப்பனிட நகரத்து வங்கி ஒன்றில் அடைமானக் கடன் கேட்பதாகக் கொள்வோம். "எல்லாம் ஆன்லைனில் போட்டுவிடுங்கள் ஐயா" என்று அங்கே மரியாதையாகவே சொல்லி அனுப்புகிறார்கள். போடவேண்டியவை எவை? பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வரி ரசீது, ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம். தாய்ப்பத்திரமோ மடிப்புகளில் கிழிந்து, மை மங்கிய முத்திரைத்தாள். அதனைப் பக்கம் பக்கமாகக் கைப்பேசியால் படமெடுக்கவேண்டும். ஓரம் வெட்டுப்பட்டால் தள்ளுபடி. நிழல் விழுந்தால் தள்ளுபடி. கோப்பின் அளவு மிகுந்தால் தள்ளுபடி. ஏன் தள்ளுபடி என்பது ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் வரும். இடையில் ஒருமுறைக் கடவு எண் வந்து சேர்வதற்குள் அதன் காலம் முடிந்துவிடும். நாமக்கல் மாவட்டத்து மலையடிவாரச் சிற்றூர் மாணவர்கள் இணையவழி வகுப்புக்காக 2021ஆம் ஆண்டில் ஆலமரத்தின்மேல் ஏறி அமர்ந்து படித்த செய்தியை நாளிதழ்களில் பலரும் கண்டிருப்பீர்கள். சிறுவர் மரம் ஏறலாம். எழுபதைக் கடந்தவர் ஏறுவாரா?

இனிப் பெயரால் வரும் தொல்லை. பட்டாவில் தமிழில் ஒரு வடிவம், ஆதாரில் ஆங்கில எழுத்தில் வேறொரு வடிவம், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து இடம் மாறிய மூன்றாவது வடிவம். மூன்றும் ஒருவரே என்று ஊரார் அனைவரும் சொல்வர். கணிப்பொறி மட்டும் ஒப்பாது. இது மலைவாழ் மக்களுக்கு மட்டும் உரிய துன்பமன்று. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் நிலமுடைய நம் பெரியோர் பலருக்குப் பத்திரத்தில் 'நயினார்' என்றிருக்கும். ஆதாரில் அது இராது. பிள்ளைகளின் சான்றிதழிலோ 'ஜெயின்' என்றிருக்கும். தலைமுறைக்கு ஒரு பெயர் வழக்கு வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. ஆகவே குண்டூர் நாட்டு முதியவரின் இடர்ப்பாடு நமக்கு அயலானதன்று.

இயந்திரத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. வில்லங்கச் சான்றுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருநாள் முழுதும் காத்துக்கிடந்த காலத்தை நாம் மறக்கவில்லை. பதிவுத்துறையின் புதிய இணையதளம் 2018இல் நடைமுறைக்கு வந்தபின் அச்சான்றை வீட்டிலிருந்தே பெற முடிகிறது. எழுபது வளைவுகள் இறங்கி ஏறவேண்டியவருக்கு இது பேருதவியே. பழைய எழுத்தர்கள் யாவரும் பொறுமைசாலிகளாக இருந்தனர் என்று சொல்வதும் உண்மையாகாது. கதவு புதியதாக இருப்பதில் குற்றமில்லை. மற்றக் கதவுகளை அடைத்துவிடுவதில்தான் அறம் பிழைக்கிறது.

இதிலும் ஒரு விந்தை உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவில், அரசு அறிவித்த நகரங்களில் உரிமை ஆவணங்களைக் கடன் தருவோரிடம் ஒப்படைத்தலையே ஒருவகை அடைமானமாக ஏற்கிறது. வீட்டுக் கடன்களுள் பல இம்முறையில்தான் நடைபெறுகின்றன. அஃதாவது, எத்தனை படம் அனுப்பினாலும் மூலப் பத்திரத்தை இறுதியில் நேரில் கொண்டுசென்று கொடுத்தே தீரவேண்டும். எப்படியும் பத்திரத்தோடு வரப்போகும் முதியவரை, வருவதற்கு முன்பே அதனைப் படமெடுத்து அனுப்பும்படி அலைக்கழிப்பானேன்? அவர் வரும் நாளில் கிளையிலேயே ஒருவர் படி எடுத்துக்கொண்டால் ஆகாதா? ஆகும், அதற்கு ஓர் ஊழியரின் அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தியவர் வங்கியார். அது முதியவரின் தோளில் ஒரு வாரமாக ஏறியது. சுமை எங்கும் போய்விடவில்லை. இறக்கியவரிடமிருந்து தாங்கமாட்டாதவரிடம் மாறியிருக்கிறது. இதனை அதிபாராரோபணம் என்னாமல் வேறென்னென்பது?

"யாரும் வேண்டுமென்று செய்யவில்லையே" என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. ஆயினும் நம் ஆசாரியர்கள் ஹிம்சையைச் சினத்தோடும் பகையோடும் மட்டும் சேர்த்துச் சொல்லவில்லை; பிரமாதம் என்னும் கவனமின்மையோடு சேர்த்தே சொன்னார்கள். பொன்னூர் மலையோடு நாம் இணைத்துப் போற்றும் குந்தகுந்தர், பிரவசனசாரத்தில் இதனை மிக நுட்பமாக விளக்குகிறார். பாதையைப் பாராமல் நடப்பவனுக்கு, உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் ஹிம்சை உண்டு. விழிப்போடு நடப்பவனுக்கு, தற்செயலாக ஓருயிர் இறப்பினும் அதனால் பந்தம் இல்லை என்பது அதன் கருத்து. ஆகவே இணையப்பக்கத்தை வகுத்தவரிடம் கேட்கவேண்டிய கேள்வி, முதியவர் துன்புறவேண்டும் என்று நினைத்தாயா என்பதன்று. பாதையில் அவரும் வருவார் என்று பார்த்தாயா என்பதே. சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் பணிபுரியும் நம் பிள்ளைகளுள் சிலரே இத்தகைய பக்கங்களை வகுக்கிறார்கள் என்பதை எண்ணும்போது இக்கேள்வி நம் வீட்டுக்குள்ளும் வருகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வழியாலும் வினை வந்து சேரும் என்று படித்தவர்கள் அல்லமோ நாம்?

இன்னொரு தீங்கும் உண்டு. கடவு எண்ணை எவரிடமும் சொல்லாதீர் என்று வங்கிகள் நாள்தோறும் எச்சரிக்கின்றன, நல்ல எச்சரிக்கைதான். ஆனால் தானே இயக்க இயலாதவர், இணையதள மையத்து இளைஞனிடமோ அண்டை வீட்டுப் பிள்ளையிடமோ அவ்வெண்ணைச் சொல்லாமல் எப்படி மனு அனுப்புவார்? விதியை மீறாமல் நுழைய முடியாத வாயிலை வைத்துவிட்டு, மீறியதால் பணம் போயிற்று என்று அவரையே குறைகூறுவது முறையன்று.

ஆவணங்களைக் கொடுப்பதில் மட்டுமன்றித் திரும்பப் பெறுவதிலும் இத்துன்பம் தொடர்கிறது. வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் நியாசாபஹாரம் என்று ஒன்றுண்டு. அடைக்கலமாக வைத்தவன் எண்ணிக்கை மறந்து குறைத்துக் கேட்டால், "ஆம், அவ்வளவே" என்று கொடுத்துவிடுதல் அது. உரைகாரர் எத்துணைக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள்! கேட்டதைக் கொடுத்தான், வெளிப்படையாகத் திருடவில்லை, ஆயினும் பிறர் மறதியால் பயன்பெற்றான். கடன் முழுதும் தீர்ந்தபின் மூல ஆவணங்களை 30 நாள்களுக்குள் திருப்பித் தரவேண்டும்; தங்கள் பிழையால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13இல் ஆணையிட்டது; அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்து அது பொருந்தும். இவ்விதியை அறியாத முதியவரிடம் அதனைச் சொல்லாமல் இருப்பது எவ்வகையில் சேரும் என்பதை வாசகர்களே முடிவு செய்க.

சட்டம் இத்திசையில் சிறிது முன்னேறியே உள்ளது. எழுபது வயதுக்கு மேற்பட்டோரின் அடையாள ஆவணங்களை அவர்தம் இல்லத்திலேயே பெற்றுக்கொள்ள முயலுமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பர் 9இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அமில வீச்சுக்கு ஆளானோரும் பார்வை இழந்தோரும் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோரைக் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்பளித்தது. கண் சிமிட்டிக் காட்டினால்தான் உயிருள்ள மனிதர் என ஏற்பேன் என்ற கணிப்பொறியின் முன் அவர்கள் நின்றிருந்தனர். எண்ணிம வசதியை அடைதல் வாழ்வுரிமையின் கூறு என்றும், தாள்வழிச் சரிபார்ப்பும் தொடரவேண்டும் என்றும் நீதிமன்றம் கூறிற்று.

வங்கிப் பணியிலுள்ள நம் அன்பர்கள் இவற்றை மேலாளருக்கு நினைவூட்டலாம். ஊரிலுள்ள இளைஞர்கள் பெரியவரின் அருகில் அமர்ந்து உதவும்போது, கைப்பேசியை வாங்கித் தாமே முடித்துக் கொடுத்துவிடாமல், எந்தப் பக்கத்தில் எதற்கு இசைவு கேட்கப்படுகிறது என்பதைத் தமிழில் படித்துச் சொல்லி, அவர் விரலால் அவரே அழுத்துமாறு செய்தல் நலம். நேரம் கூடுதலாகும், ஆகட்டும். நேரில் பெறமாட்டோம் என்று கிளையில் மறுத்தால், அம்மறுப்பை எழுத்தில் கேட்கவேண்டும். முறையீட்டைக் கொடுத்து முப்பது நாள் கடந்தும் மறுமொழி வாராவிடின், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அம்மனுவைக் கணிப்பொறி வழியேதான் அனுப்பவேண்டும் என்பதில்லை. தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பினாலும் ஏற்கிறார்கள்.