பீரங்கி மேடும் இல்லறத்தான் விரதமும்

தஞ்சைக் கீழவாசலை அடுத்த பீரங்கி மேட்டில் ஓர் இரும்புப் பீரங்கி கிடக்கின்றது. நீளம் ஏறத்தாழ 25 அடி. எடை சுமார் 22 டன். இஃது உருக்கி வார்த்ததன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழல் வடிவில் அடுக்கி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, சம்மட்டியால் அடித்து இணைத்துள்ளனர். வளையம் ஆறுங்கால் சுருங்கி உட்பட்டைகளை இறுகப் பற்றிக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைக் கண்டவர்களுக்கு இந்நுட்பம் புதிதன்று. உழவனுக்குக் கொழு அடித்த உலைக்களக் கைத்திறனே பீரங்கியையும் செய்தது எனலாம்.

இது இரகுநாத நாயக்கர் காலத்தது என்று கருதப்படுகின்றது. அவர் காலம் போர்க்காலம். விஜயநகர அரியணை உரிமை குறித்து 1616ஆம் ஆண்டை ஒட்டித் திருச்சிக்கு அருகே தோப்பூரில் நிகழ்ந்த பெரும்போரில் அவர் ஒரு பக்கம் நின்று வென்றார். 1620இல் தரங்கம்பாடியில் டேனியருக்குக் கோட்டை கட்ட இடமளித்தவரும் அவரே. அந்தப் பகைவரும் இல்லை, அந்த அரசும் இல்லை. பீரங்கி மட்டும் கிழக்கு நோக்கிக் காத்திருக்கின்றது.

இதனை எண்ண நேர்ந்தது ஒரு கடிதத்தால். நம் சமூகத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர், காவிரிப் பாசனத்தில் சில ஏக்கர் நன்செய் உழுபவர், எழுதியிருந்தார். அவருடைய மகனுக்குத் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள், கொல்லாமை விரதம் பூண்ட குடும்பத்துக்கு இது தகாது என்கின்றனர். "ஆகமம் என்ன சொல்கிறது?" என்பது அவர் வினா.

இந்தியாவில் இவ்வகைப் படைக்கல ஆலைகளின் வரிசை, கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்துக் காசிப்பூரில் அமைத்து 1802இல் இயங்கத் தொடங்கிய பீரங்கி வண்டிப் பட்டறையிலிருந்து தொடங்குகின்றது. திருச்சியை அடுத்த நவல்பட்டுப் பகுதி ஆலை 1966இல் திறக்கப்பட்டது. 1962இல் சீனத்தோடும் 1965இல் பாகிஸ்தானோடும் போர் நடந்து, நாடு ஆயுதப் பற்றாக்குறையை உணர்ந்திருந்த வேளை அது. ரைபிள்கள் அங்கே உருவாகின்றன. 2021 அக்டோபர் முதல் நாள் தொட்டு அது அரசுத் துறையாக இன்றி, அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றது.

நம் ஆசாரியர்கள் ஹிம்சையை நான்காக வகுப்பர். கொல்ல வேண்டும் என்றே கொல்லும் சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லறச் செயல்களில் நேரும் ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழிலில் நேரும் உத்யோக ஹிம்சை. தாக்க வருபவனைத் தடுக்கையில் நேரும் விரோத ஹிம்சை. இல்லறத்தான் முற்றாக விட வேண்டியது முதலாவதையே. எஞ்சியவற்றைக் குறைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன். இந்த வகுப்பைக் காட்டி, "நாட்டுக் காவலுக்கான துப்பாக்கி விரோத ஹிம்சைதானே, குற்றமென்ன?" என்று எளிதில் முடித்துவிடுவோர் உளர். எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்ததண்ட விரதத்தைக் கூறுங்கால் ஹிம்சாதானம் என்று ஒன்றை விலக்குகிறார். உயிர்க்கொலைக்கு ஏதுவான கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல் அது. கோடரி, வாள், நெருப்பு, நஞ்சு, சங்கிலி என்று செல்லும் அப்பட்டியலில் மண்வெட்டியும் இருக்கின்றது! தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் உழவர். நம் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து நிற்கும் கருவி, வாளோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் விரதத்தின் பெயரே விடை தருகின்றது. அனர்த்தம் என்றால் பயனின்றி. வரப்பு வெட்டக் கொடுத்த மண்வெட்டிக்குப் பயன் உண்டு. வேலை முடிந்ததும் அது வீடு திரும்பும்.

துப்பாக்கி திரும்புகிறதா? என் ஐயம் இங்கேதான். விரோத ஹிம்சைக்கு நூல்கள் அளிக்கும் இசைவு, தாக்குதல் நீடிக்கும் வரைதான். பகைவன் புறமிட்டதும் இசைவு தீர்ந்தது. ஆயுதமோ தீர்வதில்லை. செய்தவன் ஓய்வு பெற்ற பின்னும், எந்தப் போருக்கென ஆலை எழுந்ததோ அந்தப் போர் மறக்கப்பட்ட பின்னும், அது யார் கையிலோ குண்டு நிரப்பப்பட்டு இருக்கின்றது. எல்லைப் போர்களை ஒட்டி எழுந்த அதே திருச்சி ஆலையின் ரைபிள்கள் இன்று உள்நாட்டுக் காவல் படைகளிடமும் உள்ளன. பீரங்கி மேட்டுப் பீரங்கியை இடம் பெயர்க்க யானைகள் வேண்டும். ரைபிள் ஒருவன் தோளில் எங்கும் போகும். குழலைக் கடைபவன் எதிரியைக் காண்பதில்லை. காணாத எதிரியிடம் விரோதம் எப்படி அமையும்?

இவ்வாறு எழுதுவதால் அந்த இளைஞனைப் பாவியாக்கி, நாம் கைகழுவிக்கொள்ளலாகாது. தானே செய்தல், பிறரால் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றையும் வினை பற்றும் என்பது நம் சித்தாந்தம். அவன் செய்கிறான், வரி கொடுத்து நாம் செய்விக்கிறோம், வெற்றிச் செய்தி கேட்டு மகிழ்பவர் உடன்படுகிறார். (கலிங்கப் போரைப் பரணியாகப் பாடிய செயங்கொண்டார், நம் ஜினாலயம் விளங்கும் தீபங்குடியில் பிறந்தவர் என்பர். கொல்லாமையைப் போற்றிய ஊருக்கும் களம் பாடும் தமிழ் வந்திருக்கிறது.) தொழிற்சாலை வேலையை மறுத்துவிட்டு, அதன் காவலில் நிம்மதியாக உறங்குவதால் மட்டும் ஒருவன் விரதி ஆகிவிடமாட்டான்.

அன்பருக்கு மறுமொழி எழுதினேன். மகனைத் தடுக்க ஆகமம் திட்டமாக இடம் தரவில்லை. ஆயினும் சேர்ந்த பின், இது குற்றமற்ற தொழில் என்று அவன் சொல்லிக்கொள்ளவும் அது இடம் தரவில்லை. வேறு வேலை கிடைத்தால் அதனை ஏற்பதே நன்று. கிடைக்காவிடில், சேர்ந்து, தன் பங்கை மறைக்காமல் நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் சொல்லட்டும். பெரியவர்களும் தம் பங்கை உடன் சொல்லட்டும் என்றேன். பத்து நாளில் பதில் வந்தது. பையன் சேரப் போகிறான் என்றும், தாம் இவ்வாண்டு குறுவைக்குப் பூச்சிமருந்து தெளிப்பதை என்ன கணக்கில் வைப்பது என்றும் கேட்டிருந்தார்.