பன்னிரண்டு பங்குகள்

2021 டிசம்பரில் மாக்ஸார் நிறுவனத்தின் பன்னிரண்டு பங்குகளை வாங்கினேன். கிட்டத்தட்ட என் ஒரு மாதச் சம்பளம். செயற்கைக்கோளிலிருந்து பூமியைப் படமெடுத்து விற்கும் அமெரிக்க நிறுவனம் அது. சிகரெட் இல்லை, சாராயம் இல்லை, ஆயுதம் இல்லை. சுத்தமான முதலீடு என்று நம்பினேன். சின்ன வயதில் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, நகரும் புள்ளியைக் காட்டி "சாட்டிலைட்டுடா" என்று கத்தியவனுக்கு அதில் ஒரு துண்டு சொந்தம் என்பதே போதையாக இருந்தது.

அடுத்த பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. கீவுக்கு வடக்கே சுமார் 64 கிலோமீட்டர் நீண்ட ராணுவ வாகன வரிசையின் படம் எல்லாச் செய்திகளிலும் வந்தது. எடுத்தது மாக்ஸார். பங்கு ஏறியது. "மச்சான், செம டைமிங்டா" என்றான் நண்பன். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

போரை நான் விரும்பவில்லை. ஆனால் அது நீண்டால் எனக்கு லாபம். சவப்பெட்டி செய்கிற ஆசாரி யாரும் சாகணும்னு வேண்டிக்கொள்வதில்லையே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆசாரியாவது மரம் இழைக்கிறார். நான் ஆப்பைத் திறந்து பார்த்ததோடு சரி.

மார்ச்சில் இன்னொரு படம். மரியுபோல் நாடக அரங்கின் முன்னும் பின்னும் தரையில் பெரிய எழுத்துகளில், ரஷ்ய மொழியில், 'குழந்தைகள்' என்று எழுதியிருந்தது. உள்ளே தஞ்சம் புகுந்தவர்கள் இருந்தார்கள். மேலிருந்து பார்ப்பவர்கள் படிக்கவேண்டும் என்றே எழுதப்பட்டது அது. 14ஆம் தேதி எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிகிறது. 16ஆம் தேதி குண்டு விழுந்தது.

அந்தப் படம் எடுக்கப்பட்டதே தவறு என்று சொல்லமாட்டேன். சாட்சி வேண்டும். சாட்சியை உருவாக்குகிறவருக்குக் கூலியும் வேண்டும். ஆனால் கொடுமை கூடக்கூட விலை கூடுகிற சாட்சியத்தில் எனக்கு ஏன் பங்கு? அதே மே மாதம் அமெரிக்க உளவுத்துறை அமைப்பு ஒன்று 324 கோடி டாலர் வரை போகக்கூடிய பத்தாண்டு ஒப்பந்தத்தை மாக்ஸாருக்குக் கொடுத்தது. அமெரிக்க அரசுதான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் என்பது ஒன்றும் ரகசியமில்லை. ஆண்டறிக்கையிலேயே இருக்கும். நான்தான் படிக்கவில்லை. படித்த பிறகும் விற்கவில்லை.

2023 மே மாதம் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனம் பங்குக்கு 53 டாலர் கொடுத்து மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது. விற்பதா வேண்டாமா என்ற வேலையும் எனக்கு மிச்சம். வந்த பணத்தைப் புது வாடகை வீட்டு அட்வான்ஸில் சேர்த்தேன்.

"ஏதுடா பணம்?" என்றாள் அம்மா.

"ஒரு கம்பெனில போட்டிருந்தேன்மா. மேலேருந்து போட்டோ எடுக்கிற கம்பெனி."

"யாரை எடுக்கிறாங்க?"